சேற்றின் மேல் எண்ணெய் ஊற்றாதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூருக்கு அருகே கெமென்சா காட்டுப் பாதையிலிருந்து இறங்கி வந்து, சாலையோரக் கடையில் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) குடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு தம்பி, இருபது இருபத்திரண்டு வயதிருக்கும், தன் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் தரையில் படாதபடி அடியில் கட்டை முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தான். சங்கிலி தெரியாத அளவுக்குச் செம்மண் அப்பியிருந்தது. தண்ணீர்ப் போத்தலில் கொண்டுவந்திருந்த பழைய கறுப்பு இன்ஜின் எண்ணெயை அதன் மேல் ஊற்றத் தொடங்கினான். அதுவும் இன்ஜினை ஓடவிட்டு, முதல் கியரில் போட்டு, சக்கரம் தானாகச் சுற்றும்படி விட்டு. இன்னொரு கையில் கந்தல் துணி.

"தம்பி, இன்ஜினை அணை!" என்று நான் கத்தியதில் கடையே திரும்பிப் பார்த்தது.

அந்தக் கத்தலுக்குக் காரணம் உண்டு. எனக்கு அவன் வயதிருந்தபோது செந்தூலில் எங்கள் வீட்டுக்குப் பின்சந்தில் என் நண்பன் ஒருவன் இதே மாதிரி சுற்றும் சங்கிலியைத் துணியால் துடைத்தான். துணியின் நுனி பல்லில் சிக்கியது. துணியை விட வேண்டும் என்று மூளை சொல்வதற்கு முன்பே சங்கிலி விரல்களைப் பற்சக்கரத்துக்குள் இழுத்துவிட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முதல் கணுவோடு போயின. இன்றும் அவன் சட்டைப் பொத்தான் போடுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசையும். சங்கிலியைத் தொடும்போது இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். இதில் விவாதத்துக்கே இடமில்லை.

இனி அந்தக் கறுப்பு எண்ணெய். நம்மில் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறோம் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தத் தம்பியிடம் ஒரு காரியம் செய்யச் சொன்னேன். எண்ணெய் பட்ட இடத்தில் சங்கிலியின் மேல் இருந்த குழம்பைக் கொஞ்சம் விரலில் எடுத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்க்கச் சொன்னேன். தேய்த்தான். நறநறவென்றது. மணலையும் எண்ணெயையும் குழைத்தால் கிடைப்பது உலோகத்தைத் தேய்க்கும் பசை. பட்டறையில் வால்வு உட்காரும் இடத்தை அரைப்பதற்குக் காசு கொடுத்து வாங்குகிறார்களே, அதே வேலையைச் செய்யும் பசை. சங்கிலியைக் காப்பாற்றுவதாக நினைத்து அதை அரைத்துத் தின்னும் பொருளை நாமே தயாரித்து ஊற்றுகிறோம். எண்ணெயே போடாமல் சேற்றோடு வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்தால்கூட அவ்வளவு கெடுதி நேர்ந்திருக்காது.

இதைப் புரிந்துகொள்ளச் சங்கிலியின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒவ்வொரு கண்ணியிலும் ஓர் எஃகு ஊசி, அதைச் சுற்றி ஒரு புஷ் (சிறு உலோகக் குழாய்), அதற்கு மேல் சுழலும் உருளை. ஹான்ஸ் ரெனால்ட் 1880ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் உருவாக்கிய அமைப்பு இது. அடிப்படை இன்றுவரை மாறவில்லை. பிற்காலத்தில் சேர்ந்தது ஓ-ரிங். ஊசிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே தொழிற்சாலையிலேயே கிரீஸ் நிரப்பி, அது வெளியேறாமலும் மண்ணும் நீரும் உள்ளே போகாமலும் இருக்க இரு பக்கமும் ரப்பர் வளையம் வைத்து அடைத்துவிடுகிறார்கள். ஆகவே உங்கள் சங்கிலி ஓ-ரிங் வகை என்றால், முக்கியமான எண்ணெய் ஏற்கனவே உள்ளேதான் இருக்கிறது. நீங்கள் வெளியே எவ்வளவு ஊற்றினாலும் அந்த இடத்துக்குப் போகாது. வெளியே போடும் எண்ணெய்க்கு மூன்றே வேலைகள்தாம்: ரப்பர் காய்ந்து வெடிக்காமல் காப்பது, உருளைக்கும் பல்லுக்கும் நடுவே உராய்வைக் குறைப்பது, துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள்வது. இதற்கு மெல்லிய படலம் போதும்.

அப்படியானால் உள்ளே இருக்கும் கிரீஸை எது கொல்கிறது? நாம்தான் கொல்கிறோம். பெட்ரோல் ஊற்றிக் கழுவுகிறோம். ரப்பர் உப்பிக் கெட்டுப்போகிறது. கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்க்கிறோம், வளையம் கிழிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, காட்டிலிருந்து திரும்பும் வழியில் கார் கழுவும் கடையில் நிறுத்தி, அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீரைச் சங்கிலிக்கு நேராகப் பிடிக்கச் சொல்கிறோம். அந்த அழுத்தத்தில் ரப்பர் வளையத்தைத் தாண்டித் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். சேற்றைக் கழுவ வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் தோட்டத்துக் குழாய் போதும். வண்டியின் மற்ற பாகங்களுக்கு அந்தப் பீய்ச்சலைப் பிடியுங்கள், சங்கிலிப் பக்கம் வந்ததும் கையை உயர்த்திக் கடைக்காரப் பையனை நிறுத்துங்கள்.

எனக்குச் சங்கிலியைத் துடைக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவர் என் சித்தப்பா. செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். அவரிடம் ஒரு ஹோண்டா இஎக்ஸ்5 இருந்தது. அந்த வண்டியில் சங்கிலியை முழுவதும் மூடிய உறை உண்டு. மழையோ மண்ணோ எளிதில் அண்டாது. இருந்தும் மாதம் ஒருமுறை உறையைக் கழற்றி, மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் கண்ணி கண்ணியாகத் துடைப்பார். துடைத்த துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார். கறுப்பு மட்டும் இருந்தால் தலையை ஆட்டுவார். பழுப்பு நிறம் தெரிந்தால் துரு என்று அர்த்தம், மறுபடி ஆரம்பத்திலிருந்து துடைப்பார். "எண்ணெய் விடுவது ஐந்து நிமிடம், துடைப்பது அரை மணி நேரம்" என்பார். மூடிய உறைக்குள் ஓடும் சங்கிலிக்கே அவர் அத்தனை பாடுபட்டார். நம் காட்டு வண்டிகளின் சங்கிலியோ திறந்த வெளியில், செம்பனைத் தோட்டத்துச் செம்மண்ணிலும் உலு லங்காட் ஓடைகளிலும் புரண்டு வருகிறது.

நான் இப்போது செய்வது இதுதான். வீட்டுக்கு வந்ததும் குழாய்த் தண்ணீரில் மண்ணைக் கரைத்துவிடுவேன். பிறகு ஒரு பழைய பல் துலக்கும் பிரஷ், ஒரு கிண்ணம் மண்ணெண்ணெய். ஓ-ரிங் ரப்பரை அது கெடுப்பதில்லை. ஆனால் ஊறவைக்கக் கூடாது, தேய்த்தவுடன் துடைத்துவிட வேண்டும். கண்ணியின் நான்கு பக்கமும் துடைத்து, உலர்ந்த துணியால் மறுபடி துடைத்து, காற்றில் கொஞ்ச நேரம் விடுவேன். பிறகுதான் எண்ணெய். சங்கிலியின் கீழ் ஓட்டத்தில், உள்பக்கமாகப் போட வேண்டும். சக்கரம் சுழலும்போது எண்ணெய் வெளியே வீசப்படும் அல்லவா, உள்ளிருந்து போட்டால் அது கண்ணிகளை ஊடுருவிக்கொண்டு வெளியே வரும். மேலே போட்டது நேரே ரிம்முக்கும் டயருக்கும் போய்விடும். போட்டபின் பத்து நிமிடம் கழித்து மேலே மிஞ்சியதைத் துடைத்தெடுத்துவிடுவேன். பார்த்தால் எண்ணெய் போடாத சங்கிலி போலவே இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

எந்த எண்ணெய் என்று கேட்பவர்களுக்கு: காட்டுக்கு மெழுகு வகை ஸ்பிரே நல்லது. கரைப்பான் ஆவியாகிப் போனதும் ஒட்டாத படலமாக நின்றுவிடும், மண் அதிகம் ஒட்டாது. ஆனால் அது காய ஓர் இரவாவது வேண்டும். காலையில் கிளம்பும் அவசரத்தில் அடித்துவிட்டுப் போனால் பாதி டயரில் இருக்கும். கையில் காசில்லாத மாதத்தில் 90ஆம் எண் கியர் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுத் துடைத்தாலும் சங்கிலி நன்றாகவே ஓடும்.

இன்ஜினிலிருந்து வடித்த பழைய எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் இன்ஜின் தேய்ந்த உலோகத் துகள் இருக்கிறது, எரிந்த கரி இருக்கிறது. தோலுக்கும் கெடுதி. மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் அட்டவணைக் கழிவு விதிமுறைகளில் கழிவு எண்ணெய்க்கென்றே எஸ்.டபிள்யூ. 305 என்று தனிக் குறியீடு இருக்கிறது. ஆபத்தான கழிவு என்று சட்டம் சொல்லும் ஒன்றை நாம் சங்கிலியில் ஊற்ற, அடுத்த ஓடையைக் கடக்கும்போது அது தண்ணீரில் வானவில்லாகப் பரவுகிறது. அந்த ஓடையில் ஞாயிறு தோறும் பிள்ளைகள் குளிக்கிறார்கள். எனக்கு இதுதான் மிகவும் மனதை உறுத்துகிறது.

இறுக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சங்கிலி தொங்கினால் அசிங்கம் என்று நினைத்து வீணைத் தந்தி போல முறுக்கி வைப்பவர்கள் நிறைய. காட்டு வண்டியின் பின்புற சஸ்பென்ஷன் நீண்ட தூரம் மேலும் கீழும் போகும். முன் பற்சக்கரம், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் பொருந்தியிருக்கும் இடம், பின் அச்சு ஆகிய மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வரும் கணத்தில்தான் சங்கிலி மிக அதிகமாக இழுபடுகிறது. நிற்கும்போதே இறுக்கமாக இருந்தால், அந்தக் கணத்தில் சங்கிலியோ முன் பற்சக்கரத்து அச்சின் பேரிங்கோ போகும். என் வண்டிக்குக் கையேடு சொல்வது சங்கிலி மேலும் கீழும் ஆட 35 முதல் 45 மில்லிமீட்டர் தளர்வு. உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள், நண்பனின் வண்டியைப் பார்த்து வைக்காதீர்கள். இணைப்புக் கண்ணியின் கிளிப்பில் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். திறந்த முனை முன்னால் இருந்தால் ஒரு கிளை தட்டினாலே கழன்றுவிடும்.

அந்தத் தம்பி புதன்கிழமை மாலை வண்டியோடு வீட்டுக்கு வந்தான். மழை கொட்டிக்கொண்டிருந்தது, கார் நிறுத்தும் இடத்தில் வைத்தே இருவரும் துடைத்தோம். முக்கால் மணி நேரம் ஆனது. செம்மண் அகன்றதும் உருளைகள் ஒவ்வொன்றாக வெள்ளிபோல் தெரிய ஆரம்பித்தபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பிறகு அளந்தோம். அவனுடையது 520 என்ற அளவுச் சங்கிலி; ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசிக்கு 15.875 மில்லிமீட்டர். பதினாறு கண்ணிகளை இழுத்துப் பிடித்து அளந்தால் புதிதில் 254 வர வேண்டும். 259ஐத் தாண்டினால் மாற்றிவிட வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் எல்லை. சங்கிலி நீள்கிறது என்கிறோமே, தகடு நீள்வதில்லை. ஊசியும் புஷ்ஷும் தேய்ந்து, அந்தத் தேய்மானம் கண்ணிக்குக் கண்ணி சேர்ந்து நீளமாகத் தெரிகிறது. அவனுடைய சங்கிலி 261 காட்டியது. வாங்கி ஏழு மாதம்தான் ஆகிறது என்றான். பின் பற்சக்கரத்தின் பற்கள் சுறாவின் துடுப்பைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"சங்கிலியை மட்டும் மாற்றினால் போதுமா, அண்ணே?" என்று கேட்டான். போதாது என்றேன். சாய்ந்த பல்லில் புதுச் சங்கிலியைப் போட்டால் சில மாதங்களிலேயே அதுவும் இதே கதிக்கு வந்துவிடும். முன்னும் பின்னும் பற்சக்கரங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சம்பளம் வந்ததும் வாங்கிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அதுவரை காட்டுக்குப் போகாதே என்று சாவியை வாங்கி வைத்துக்கொள்ளத்தான் மனம் வந்தது. வேலைக்குப் போக அவனிடம் இருப்பது அந்த ஒரு வண்டிதான் என்பதால் விட்டுவிட்டேன். அந்தத் தண்ணீர்ப் போத்தலை மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன், எண்ணெயோடு. கழிவு எண்ணெயைச் சேகரித்து அனுப்பும் பட்டறை ஒன்று எங்கள் தெருமுனையில் இருக்கிறது, நாளை அங்கே கொடுத்துவிடுவேன்.