நாம் வென்றதாகச் சொல்லிக்கொள்ளும் இறால் வழக்கு

2025 ஜனவரியில் ஒரு நாள் காலை, நீலாங்கரைக் கடற்கரையில் நடக்கப் போனவன் அரைக் கிலோமீட்டருக்குள் நான்கு ஆமைகளைப் பார்த்தேன். நான்கும் செத்துக் கிடந்தன. பங்குனி ஆமை என்று நம் கரையில் சொல்கிறோமே, அந்த ஆலிவ் ரிட்லி. ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஓட்டில் கீறல் கிடையாது, துடுப்பில் வெட்டுக்காயம் கிடையாது. கழுத்து உப்பியிருந்தது. கண்கள் இரண்டும் பிதுங்கி வெளியே வந்திருந்தன. வலைக்குள் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்த ஆமையின் கோலம் அது. அந்தப் பருவத்தில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் இப்படி ஒதுங்கியவை ஆயிரத்துக்கும் மேல். பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது.

இதைப் பற்றி அப்போது நான் எழுதியபோது நண்பர் ஒருவர் கோபமாகப் பதில் போட்டிருந்தார். ஆமையைக் காரணம் காட்டி அமெரிக்கா நம் இறாலைத் தடுப்பது வணிகச் சூழ்ச்சி, உலக வர்த்தக அமைப்பிலேயே அந்த வழக்கை நாம் ஜெயித்துவிட்டோம் என்றார். பலரும் இப்படித்தான் நம்புகிறார்கள். நானும் வெகுகாலம் நம்பினேன். தீர்ப்பைப் படித்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நடந்தது இது. ஆமை தப்பிக்கும் வசதி இல்லாத வலையில் பிடித்த இறாலை வாங்குவதில்லை என்று 1989இல் அமெரிக்கா சட்டம் போட்டது. 609ஆவது பிரிவு என்பார்கள். அதை எதிர்த்து இந்தியா, பாகிஸ்தான், தாய்லாந்து, மலேசியா ஆகிய நான்கு நாடுகளும் உலக வர்த்தக அமைப்புக்குப் போயின. 1998 அக்டோபரில் மேல்முறையீட்டு அமைப்பு தீர்ப்புச் சொன்னது. அமெரிக்கா சட்டத்தைச் செயல்படுத்திய விதம் தவறு என்றது. கரீபியக் கடல் பக்கத்து நாடுகளுக்கு மூன்று ஆண்டு அவகாசம், நமக்கு நான்கே மாதம். அவர்களோடு உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டார்கள், நம்மோடு பேசக்கூட முன்வரவில்லை. இது ஓரவஞ்சனை என்று தீர்ப்பு சொன்னது சரி. அந்த அளவுக்கு நம் வெற்றி நியாயமான வெற்றி.

ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு பகுதி உண்டு. ‘தீர்ந்துபோகக்கூடிய இயற்கை வளம்’ என்று வர்த்தக ஒப்பந்தம் சொல்வது நிலக்கரி, கனிமம் போன்றவற்றைத்தான், இனப்பெருக்கம் செய்யும் உயிர்களை அல்ல என்று நம் தரப்பு வாதாடியது. ஐ.நா. கடல் சட்டத்தையும் அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்ஸ் உடன்படிக்கையையும் எடுத்துவைத்து அந்த வாதத்தை மேல்முறையீட்டு அமைப்பினர் தள்ளிவிட்டார்கள். உயிரும் தீர்ந்துபோகும், அதைக் காப்பதற்காக ஒரு நாடு இறக்குமதியைக் கட்டுப்படுத்தலாம் என்றார்கள். அமெரிக்கா விதிமுறைகளைத் திருத்திக்கொண்டது. சட்டம் அப்படியே நின்றது. அது போதாது என்று மலேசியா மறுபடியும் போய் 2001இல் தோற்றது. 2019இல் நம் கடல் இறாலுக்கு அமெரிக்கச் சந்தை மூடிக்கொண்டதும் அதே 609ஆவது பிரிவால்தான்.

ஆமை தீராது என்று ஒரு நாடு வாதாடியதை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது. கடலுக்குள் போகிற குஞ்சுகளில் ஆயிரத்துக்கு ஒன்று பிழைத்தாலே பெரிது என்பார்கள். பிழைத்தது முட்டையிடும் பருவத்துக்கு வளரப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கிற அதே வரிசையில் அதையும் வைத்திருக்கிறோம்.

ஆமைகளைப் பார்த்த மறுவாரம் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனேன். ஆமை தப்பிக்க வலையில் வைக்கும் ஆமை விலக்குச் சாதனம் என்பது ஒன்றும் பெரிய இயந்திரம் இல்லை. முட்டை வடிவத்தில் ஓர் எவர்சில்வர் சட்டம், அதில் நெடுக்காகச் சில கம்பிகள், அவ்வளவுதான். இழுவை மடியின், அதாவது விசைப்படகு இழுத்துப் போகும் வலையின், கழுத்தில் சாய்வாக வைத்துத் தைக்க வேண்டும். இறால் கம்பி இடுக்கில் புகுந்து கடைசிப் பைக்குப் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, அங்கே வெட்டிவிட்டிருக்கும் வாய் வழியாக வெளியேறும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கென்றே இதை வடிவமைத்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன.

மடியின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், “ஏன் அண்ணே கட்டுவதில்லை?” என்று கேட்டேன். ஊசியை நிறுத்தாமலே சொன்னார். “ஆமையைக் கொல்ல எங்களுக்கு ஆசையா தம்பி? குப்பையும் பிளாஸ்டிக்கும் கம்பியில் வந்து அடைத்துக்கொண்டால் அந்த இழுவையே வீண். பெரிய திருக்கை அந்த வாய் வழியாகவே போய்விடும். டீசல் காசு கழித்து மிஞ்சுவதில்தான் ஆளுக்குப் பங்கு. கம்பி கட்டிப் பிடித்த இறால் என்று ஏலத்தில் கூடைக்குப் பத்து ரூபாய் கூட்டிக் கேட்பவன் யார்?”

அவருக்கு நான் என்ன பதில் சொல்ல? அவர் கேட்டதுதான் இந்த விவகாரத்தின் உயிர்நாடி. வாஷிங்டனில் சட்டம் எழுதியவர்களும் ஜெனீவாவில் வாதாடியவர்களும் இவரைப் போன்ற ஒருவரை ஒரு நாளாவது உட்காரவைத்துக் கேட்டிருந்தால், முப்பது ஆண்டுகளைச் சண்டையில் கழித்திருக்க மாட்டோம்.

அரசுக்கு ஏன் சுடவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. தடை கடலில் பிடித்த இறாலுக்கு மட்டும்தான். பண்ணையில் வளர்க்கும் வன்னமெய் இறாலுக்கு இல்லை. 2023-24இல் உறைபதன இறால் ஏற்றுமதி மட்டும் 40,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதை அதிகம் வாங்கியது அமெரிக்காதான். அதில் மிகப் பெரும்பகுதி ஆந்திரக் குளங்களில் விளைந்த பண்ணை இறால். குளத்துப் பணம் குறையாமல் வந்துகொண்டிருந்ததால், விசைப்படகுக்காரர் இழந்த சந்தை தில்லிக்கு உறைக்கவே இல்லை. அமெரிக்காவுக்குப் போகாத கடல் இறால் வேறு நாடுகளுக்குப் போனது, நம் சந்தைக்கும் வந்தது. என் வீட்டுக் குழம்பிலும் விழுந்திருக்கும். ஆமை மட்டும் முன்பு போலவே செத்துக்கொண்டிருந்தது.

பணக்கார நாடு தன் சந்தையைக் காட்டி மிரட்டுவதை நான் ஆதரிக்கவில்லை. நமக்கு நான்கு மாத அவகாசம் கொடுத்தது அநியாயம்தான். ஆனால் 1995இல் ஐ.நா. கடல் சட்டத்தில் நாமே கையெழுத்தை உறுதிசெய்தோம். கரையிலிருந்து 200 கடல் மைல் வரை மீன் வளம் நமது உரிமை என்று அது சொல்கிறது. அதே மூச்சில், அந்த வளத்தைக் காப்பது நம் கடமை என்றும் சொல்கிறது. இலங்கையோடு பேசும்போதும், மீன்பிடி மானியம் பற்றிய உலக ஒப்பந்தத்தில் வாதாடும்போதும் உரிமைப் பக்கத்தை மட்டும் எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

என் கோரிக்கை இதுதான். சாதனத்தை அரசு தன் செலவில் ஒவ்வொரு விசைப்படகுக்கும் தர வேண்டும். முதல் ஆண்டில் தவறிப்போகும் மீனுக்குப் பங்குக்காரர்களுக்கே நேராக ஈடு கொடுக்க வேண்டும். அதன் பிறகு கட்டாத படகைத் துறைமுகத்தை விட்டு வெளியே விடக்கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகுகள் கரையில்தான் நிற்கின்றன, மடிகள் தரையில் விரிந்து கிடக்கின்றன, பொத்துகிற கைகளும் அங்கேயே இருக்கின்றன. ஒரு மடியில் இந்தக் கம்பிச் சட்டத்தைத் தைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அந்தப் பெரியவரிடமே கேட்டேன். “கையில் கொடுத்தால் அரை நாள்” என்றார்.