தலைமையகம் செய்தால் நடைமுறை, நாம் செய்தால் கலாச்சாரமா?

மறுபடியும் ஒரு கலாச்சாரப் புரிதல் பயிற்சி. கட்டாயம் கலந்துகொள்ள வேண்டும், கேமரா ஆனில் இருக்க வேண்டும், முடிவில் வினாடி வினா வேறு. பன்னாட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிற எவரும் இதிலிருந்து தப்பியதாகக் கேள்விப்பட்டதில்லை. வழக்கம் போல ஒரு ஸ்லைடில் உலக வரைபடம். ஜப்பானியர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டார்கள். ஜெர்மானியர் நேரம் தவற மாட்டார்கள். பிரேசில்காரர்கள் முதலில் குடும்பத்தை விசாரித்துவிட்டுத்தான் வேலையைப் பேசுவார்கள். ஆசியர்கள் மேலதிகாரியை எதிர்த்துப் பேச மாட்டார்கள். 400 கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் ஒரு கண்டத்தின் கதை ஒரே வரியில் முடிந்தது. அடுத்த ஸ்லைடு!

அந்த வரைபடத்தை உற்றுப் பாருங்கள். தலைமையகம் இருக்கும் நாட்டுக்கு மட்டும் எந்தக் குறிப்பும் இருக்காது. அவர்களுக்குக் கலாச்சாரமே கிடையாது போலிருக்கிறது. அவர்களிடம் இருப்பதெல்லாம் "குளோபல் ஸ்டாண்டர்ட்". அவர்கள் மீட்டிங்கில் குறுக்கே பேசினால் வெளிப்படைத்தன்மை, நாம் பேசினால் பண்பாடு தெரியாதவர்கள். அவர்கள் ஒரு முடிவை மூன்று மாதம் இழுத்தால் கவர்னன்ஸ், நாம் மூன்று நாள் கேட்டால் "இந்தப் பகுதியில் வேகம் குறைவு, அது அவர்கள் கலாச்சாரம்". மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

"ஆசிய டீம் மீட்டிங்கில் வாயைத் திறப்பதில்லை" என்பதுதான் நான் அதிகம் கேட்ட புகார். சரி, ஏன் திறப்பதில்லை? எங்கள் டீமில் ஒருவர் திறந்தார். இந்தத் தேதிக்குள் முடியாது, இன்னின்ன வேலை பாக்கி இருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த வருட அப்ரைசலில் அவருக்கு வந்த ஃபீட்பேக், "எதிர்மறை மனப்பான்மை". ரேட்டிங் இறங்கியது, போனஸ் போனது. தேதியும் தவறியது, அது வேறு விஷயம். அதற்குப் பிறகு யாரும் கையைத் தூக்கவில்லை. உடனே ஒரு கன்சல்டன்ட் வந்து, இங்கே அதிகார இடைவெளி அதிகம், அதாவது மக்கள் மேல் கீழ் என்ற படிநிலைக்குப் பழகியவர்கள் என்று ஸ்லைடு போட்டுக் காசு வாங்கிக்கொண்டு போனார். வாயைத் திறந்தவனை அடித்துவிட்டு, இவர்கள் பிறவியிலேயே ஊமைகள் என்று ஆராய்ச்சி எழுதுவதற்கு என்ன பெயர் வைப்பது?

இந்த "அதிகார இடைவெளி" எங்கிருந்து வந்தது என்று அந்தப் பயிற்சியாளர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது. டச்சு ஆய்வாளரான கீர்ட் ஹோஃப்ஸ்டெட், 1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் ஐ.பி.எம். என்ற கணினி நிறுவனத்தின் ஊழியர்களிடம் எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களை வைத்து உருவாக்கியது. பெரிய உழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே கம்பெனி ஊழியர்கள். 2002இல் பிரெண்டன் மெக்ஸ்வீனி என்ற ஆய்வாளர் இதைக் கிழித்துக் காயப்போட்டார். சில நாடுகளில் ஆட்கள் எண்ணிக்கையே சொற்பம். பாகிஸ்தானில் முதல் சுற்றில் 37 பேர், இரண்டாவதில் 70 பேர் என்று எடுத்துக் காட்டினார். இதில் வேடிக்கை என்னவென்றால், நாட்டுக்கான சராசரியைத் தூக்கித் தனிமனிதர் மேல் ஒட்டாதீர்கள் என்று ஹோஃப்ஸ்டெட்டே எச்சரித்திருக்கிறார். அந்த ஒரு எச்சரிக்கையைத் தவிர மற்ற எல்லாமே ஸ்லைடுக்கு வந்து சேர்ந்துவிட்டன. என்னுடன் வேலை செய்கிற கொரியப் பெண் மீட்டிங்கில் துணைத் தலைவரையே மடக்குவாள். டச்சுக்காரர் ஒருவர் மேனேஜர் தலையசைக்காமல் ஒரு மெயில் அனுப்ப மாட்டார். வரைபடத்தில் இவர்களை எங்கே வைப்பார்கள்?

அப்புறம் அந்த இரண்டு கதைகள். எந்தப் பயிற்சியிலும் தவறாமல் வருபவை.

முதலாவது அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனமான வால்மார்ட். 1997இல் ஜெர்மனிக்குள் போய், 2006இல் தன் 85 கடைகளையும் மெட்ரோ என்ற ஜெர்மன் நிறுவனத்திடம் விற்றுவிட்டு வெளியேறியது. ஏன் தோற்றார்களாம்? ஊழியர்கள் சிரித்த முகத்தோடு வரவேற்றது ஜெர்மானியருக்குப் பிடிக்கவில்லையாம். கேட்க நன்றாக இருக்கிறது, எல்லோரும் சிரிக்கிறோம். ஆனால் அந்த ஊர் மலிவு விலைக் கடைகளான ஆல்டியும் லிடிலும் விலைப்போரில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. பால், வெண்ணெய் போன்றவற்றை அடக்க விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று 2000இல் அந்த நாட்டுப் போட்டி ஆணையம் வால்மார்ட்டையும் அந்த இருவரையும் சேர்த்தே தடுத்ததையும் சொல்வதில்லை. ஊழியர்கள் தங்களுக்குள் காதலிப்பதைப் பற்றிக்கூட விதி போட்ட நடத்தைக் கோவையை வால்மார்ட்காரர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். 2005இல் வூப்பர்டால் தொழிலாளர் நீதிமன்றம் அதில் சில பகுதிகள் செல்லாது என்று சொல்லிவிட்டது. இது சட்டம், ஐயா. ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் மன்றத்தைக் கேட்காமல் இப்படி விதி போட முடியாது என்பது அங்கே எழுதப்பட்ட சட்டம். ஒரு நல்ல வக்கீலிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் தெரிந்திருக்கும். அதைப் படிக்காமல் போனதற்குக் கலாச்சார மோதல் என்று பெயர்.

இரண்டாவது ஜெர்மனியின் டைம்லர், அமெரிக்காவின் கிரைஸ்லர் என்ற இரண்டு கார் கம்பெனிகள். 1998இல் சமமானவர்களின் இணைப்பு என்று ஊரைக் கூட்டி அறிவித்தார்கள். 2007இல் கிரைஸ்லரின் 80.1 சதவீதப் பங்கை செர்பரஸ் என்ற முதலீட்டு நிறுவனத்திடம் தள்ளிவிட்டார்கள். ஜெர்மன் ஒழுங்கும் அமெரிக்க வேகமும் ஒத்துப்போகவில்லை என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் இணைந்த கம்பெனியின் தலைவர் யுர்கன் ஷ்ரெம்ப் 2000இல் பத்திரிகைப் பேட்டியில் என்ன சொன்னார்? கிரைஸ்லரை ஒரு பிரிவாக வைத்துக்கொள்வதுதான் ஆரம்பத்திலிருந்தே தன் எண்ணம் என்ற பொருளில் பேசினார். பங்குதாரர்கள் வழக்குப் போட்டார்கள். 2003இல் ஒரு வழக்கை முடிக்க 30 கோடி டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. சமம் என்று கூப்பிட்டுவிட்டுக் கீழே உட்கார வைத்தால் எந்த நாட்டுக்காரனுக்குத்தான் கோபம் வராது? இதைப் புரிந்துகொள்ள மானுடவியல் படிக்க வேண்டுமா?

எந்த ஸ்லைடிலும் வராத ஒரு கதை உண்டு. கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை ஒன்று இருந்தது. தரம் மோசம், வேலைக்கு வராதவர்கள் ஏராளம், சங்கத்தோடு நித்தம் சண்டை. 1982இல் மூடிவிட்டார்கள். 1984இல் டொயோட்டாவும் ஜி.எம்.மும் கூட்டாக அதே கட்டடத்தைத் திறந்தன. பெரும்பாலும் அதே தொழிலாளர்கள், அதே சங்கம். மாறியது நிர்வாகம். கோளாறு தெரிந்தால் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தும் உரிமை சாதாரணத் தொழிலாளிக்குக் கிடைத்தது. நிறுத்தியவனைத் திட்டுவதற்குப் பதிலாக உதவிக்கு ஆள் ஓடி வந்தது. சீக்கிரமே ஜி.எம்.மின் மிகச் சிறந்த ஆலைகளில் ஒன்றாக அது பேர் வாங்கியது. அமெரிக்கத் தொழிலாளிக்கு ஒழுக்கம் கிடையாது, ஜப்பானிய முறை அவர்கள் ரத்தத்தில் ஏறாது என்று அதுவரை பேசியவர்கள் எங்கே போனார்கள்? இரண்டே வருடத்தில் ஒரு தேசத்தின் கலாச்சாரம் மாறிவிட்டதா என்ன?

வேறுபாடே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இருக்கிறது. சிலர் மெயிலில் இரண்டு வரி எழுதினாலே கோபமாக இருக்கிறார்களோ என்று தோன்றும், சிலருக்கு அதுவே மரியாதை. பேசிப் பழகினால் இரண்டு வாரத்தில் பிடிபட்டுவிடும். உண்மையில் எங்கள் உயிரை எடுப்பவை ஸ்லைடில் வராத சில்லறை விஷயங்கள்.

நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை மாற்றும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு மாற்றும், உலகின் பெரும்பகுதி மாற்றவே மாற்றாது. தலைமையகம் கடிகாரத்தைத் திருப்பினால் எங்கள் வாராந்திர கால் தானாக நகரும். நவம்பர் வந்தால் ஏற்கெனவே இரவில் இருந்தது இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். யாரும் கேட்பதில்லை, காலண்டர் மட்டும் பணிவாக மாறிக்கொள்ளும். முறை வைத்து நேரத்தை மாற்றலாமே, ஒரு மாதம் நீங்கள் விழித்திருங்கள் என்று சொன்னால், அங்கே குழந்தைகளைப் பள்ளியில் விட வேண்டுமாம். எங்கள் குழந்தைகள் தானாகவே வளர்கின்றன என்று நினைத்துவிட்டார்கள். ரியாத்தில் இருக்கும் சக ஊழியருக்கு வெள்ளி, சனி விடுமுறை. 2013இலிருந்து அப்படித்தான். அவருக்கு இன்னும் வெள்ளிக்கிழமை அழைப்பு போகிறது; வராவிட்டால் ஈடுபாடு குறைவாம்.

பெயர் இன்னொரு கூத்து. ஊழியர் மென்பொருளில் குடும்பப் பெயர் கட்டாயம். இந்தோனேசியாவில் ஒற்றைப் பெயரோடு வாழ்கிறவர்கள் ஏராளம். ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்கு அப்பா பெயரையோ அம்மா பெயரையோ ஒட்டிய பின்பெயர்தான். மென்பொருளுக்கு அதெல்லாம் வேண்டாம், கட்டம் நிரம்ப வேண்டும். ஒற்றைப் பெயர்க்காரர் தன் பெயரையே இரண்டு முறை போட்டுவிட்டு வருடக் கணக்கில் அடையாள அட்டையில் இரட்டையராகத் திரிகிறார். அந்தக் கட்டத்தை விருப்பத்தேர்வாக மாற்ற எத்தனை கோரிக்கைகள் போயின! "உள்ளூர்த் தனித்தன்மை, குளோபல் டெம்ப்ளேட்டில் மாற்ற இயலாது" என்று பதில்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதவர்கள் நம்மவர்கள்தான். பிராந்தியத் தலைவர் என்று நம் ஊர் ஆள் ஒருவரைப் போடுவார்கள், நிலைமையைப் புரிந்தவர் என்று நாமும் சந்தோஷப்படுவோம். அவர் தலைமையகத்துக்குப் போய் என்ன சொல்கிறார் தெரியுமா? "எங்கள் ஆட்கள் கண்டிப்பாக இருந்தால்தான் வேலை செய்வார்கள். ராத்திரி கால் எல்லாம் அவர்களுக்குப் பழக்கம், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், அது எங்கள் கலாச்சாரம்." ஒரு ஓட்டெடுப்பு கிடையாது, ஒரு வார்த்தை எங்களைக் கேட்டது கிடையாது, ஒட்டுமொத்த நாட்டின் சார்பாக இவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறார். அதே நிறுவனத்தின் பிரான்ஸ் அலுவலகத்தில், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை 2017 முதல் சட்டத்தில் இருப்பதால், மாலைக்கு மேல் மெயில் அனுப்பவே யோசிக்கிறார்கள். அங்கே அதற்குச் சட்டத்தை மதிப்பது என்று பெயர். இங்கே நான் ஒன்பது மணிக்கு மேல் கால் எடுக்க முடியாது என்று எழுதியபோது, அந்தப் பிராந்தியத் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்கள் ரொம்ப மேற்கத்தியமாக யோசிக்கிறீர்கள்" என்றார்.