முதல் தாக்குதலோடு முடிந்துபோன 'லேடி பி குட்'

இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சு விமானங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், 25 தாக்குதல்களை முடித்துப் பத்திரமாக ஊர் திரும்பிய 'மெம்ஃபிஸ் பெல்' விமானத்தின் பெயர்தான் முதலில் வருகிறது. ஒரே ஒரு தாக்குதலுக்குப் புறப்பட்டுத் திரும்பாமலே போன 'லேடி பி குட்' பற்றிப் பேசுபவர்களோ, அதைச் சாபம் பிடித்த பேய் விமானம் என்று கதை கட்டுகிறார்கள். அல்லது, வழி கணிக்கத் தெரியாத நேவிகேட்டரின் பிழை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டுமே அதில் சென்ற ஒன்பது பேருக்கும் இழைக்கப்படும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

1943 ஏப்ரல் 4 அன்று பிற்பகல், இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தைத் தாக்குவதற்காக லிபியாவின் சொலூக் தளத்திலிருந்து அமெரிக்காவின் 25 பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் புழுதிப் புயலுக்கு நடுவே கிளம்பின. வில்லியம் ஹாட்டன் ஓட்டிய 'லேடி பி குட்' அவற்றில் ஒன்று; அதன் குழுவுக்கு அதுவே முதல் தாக்குதல். இருட்டிவிட்டதால் இலக்கு தெரியவில்லை; குண்டுகளைக் கடலில் போட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினார்கள். நள்ளிரவு கடந்து ஹாட்டன் வானொலியில் திசை கேட்டார். அன்றைய ஒற்றை வளைய ஆன்டெனாவால், சிக்னல் எந்தக் கோட்டில் வருகிறது என்று சொல்ல முடியுமே தவிர, அந்தக் கோட்டில் முன்னாலிருந்து வருகிறதா பின்னாலிருந்து வருகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அவர்கள் இன்னும் கடல்மேல் இருப்பதாகவே எண்ணித் தளம் திசை சொன்னது. விமானமோ அதற்குள் தளத்தைத் தாண்டிப் பாலைவனத்துக்குள் சென்றிருந்தது என்பதுதான் பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இதில் நேவிகேட்டர் ஒருவரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எப்படிச் சரியாகும்?

எரிபொருள் தீர்ந்ததால் அதிகாலை இரண்டு மணியளவில் ஒன்பது பேரும் பாராசூட்டில் குதித்தார்கள். குண்டு வீசும் பொறுப்பில் இருந்த ஜான் வொராவ்காவின் பாராசூட் சரியாக விரியவில்லை. மற்ற எட்டுப் பேரும் ஒன்று சேர்ந்து, கடல் பக்கத்தில்தான் இருக்கிறது என்று நம்பி வடமேற்கே நடந்தார்கள். துணை விமானி ராபர்ட் டோனரின் நாட்குறிப்பு கிடைத்திருக்கிறது. கையில் இருந்தது அரைக் குடுவைத் தண்ணீர். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒரு மூடி. அந்தக் குடுவை மூடியில் எவ்வளவு பிடிக்கும்? நாக்கை நனைத்தால் தீர்ந்துவிடும். அதோடுதான் பகல் வெயிலிலும் உறைய வைக்கும் இரவிலும் நடந்தார்கள். தேடி வருபவர்களுக்காகக் காலணிகளையும், கல் வைத்து அழுத்திய பாராசூட் துணிகளையும் அம்புக்குறிகளாக விட்டுச் சென்றார்கள். தேடியவர்களோ கடலில் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஆளில்லாமல் பறந்த விமானம், அவர்கள் குதித்த இடத்துக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் ஏறக்குறைய முழுதாகத் தரை இறங்கியிருந்தது. 1958-இல் எண்ணெய் தேடும் குழுவினர் அதை வானிலிருந்து கண்டார்கள். அடுத்த ஆண்டு நேரில் சென்றபோது வானொலி வேலை செய்தது, உள்ளே தண்ணீரும் இருந்தது. "தெற்கே நடந்திருந்தால் பிழைத்திருப்பார்களே" என்பவர்களுக்கு நான் சொல்வது, விமானம் எங்கே விழுந்தது என்று அவர்களுக்குத் தெரிய எந்த வழியும் இல்லை என்பதுதான்.

டோனரின் கடைசிக் குறிப்பு ஏப்ரல் 12 தேதியிட்டது: உதவி இன்னும் வரவில்லை, இரவு கடும் குளிர். 1960-இல் ஐவரின் உடல்கள், குதித்த இடத்திலிருந்து 100 கிலோமீட்டருக்கும் அப்பால் ஒன்றாகக் கிடைத்தன. உதவி தேடி மேலும் முன்னேறிய மூவரில் ஹரோல்ட் ரிப்ஸ்லிங்கர், அங்கிருந்தும் சுமார் 40 கிலோமீட்டர் நடந்திருந்தார். அந்தக் குழுவைத் திறமையற்றது என்று எழுதுபவர்கள், ஒரு மூடித் தண்ணீரில் கடந்த அந்தத் தூரத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.