பாசத்தின் ஆழத்தை வைத்துக் காதலை முடிவு செய்யலாமா?

இருவர் இணைந்து இயங்கும் கதை எதுவாயினும், சில அத்தியாயங்கள் கடப்பதற்குள் அவர்களுக்கிடையே இருப்பது நட்பா காதலா என்ற வழக்கு ரசிகர்களிடையே தொடங்கிவிடுகிறது. பாசம் ஓர் அளவைத் தாண்டினால் அது காதலாகத்தான் இருக்க வேண்டும் என்று இரு தரப்பும் பேசாமலே ஒப்புக்கொண்டிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. காதல் என்பவர் அந்த ஆழத்தையே சான்றாக நீட்டுகிறார். நட்பு என்பவரோ, வழக்கில் தோற்றுவிடுவோமோ என்று அஞ்சி, அதைக் குறைத்துக் காட்டப் பார்க்கிறார்.

ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில், 1924இல் வெளிவந்த 'மூன்று கேரிடெப்கள்' என்ற கதையை எடுத்துக்கொள்வோம். குற்றவாளி சுட்ட குண்டு, துப்பறிவாளர் ஹோம்ஸின் நண்பரும் கதைசொல்லியுமான வாட்சனின் தொடையை உரசிச் செல்கிறது. எதற்கும் கலங்காத ஹோம்ஸ் அவரைத் தாங்கி நாற்காலியில் அமர்த்துகிறார். அடிபடவில்லை என்று சொல்லும்படி மன்றாடுகிறார். பேனாக்கத்தியால் கால்சட்டையைக் கிழித்துக் காயத்தைப் பார்க்கிறார். மேலோட்டமான காயம்தான் என்று தெரிந்த பின்னரே சுட்டவன் பக்கம் திரும்பி, வாட்சன் இறந்திருந்தால் நீ இந்த அறையை விட்டு உயிரோடு போயிருக்க மாட்டாய் என்கிறார். ஹோம்ஸின் உதடுகள் நடுங்கியதைக் கண்ட வாட்சனோ, இதற்காக எத்தனை காயங்களும் படலாம் என்று எழுதுகிறார்.

இக்காட்சியில் இழப்பின் அச்சம் இருக்கிறது, பல்லாண்டு மறைத்துவைத்த பாசம் வெளிப்பட்ட நிறைவும் இருக்கிறது. ஆனால் ஒருவரையொருவர் அடைய வேண்டும் என்ற வேட்கை எழுத்தில் இல்லை. வாட்சன் மணம் செய்துகொண்டு தன்னை விட்டுப் போனதை, அவர் செய்த ஒரே சுயநலச் செயல் என்று ஹோம்ஸ் வேறொரு கதையில் முணுமுணுப்பது உண்மைதான். பொறாமை காதலுக்கு மட்டும் உரியது என்று நம்புபவர்களுக்கு அது போதும். நெருங்கிய நண்பனின் திருமணத்திற்குப் பிறகு தனித்துவிடப்பட்டதாக உணராத மனிதர் எத்தனை பேர்?

இதைச் சொல்வதால், வரிகளுக்கிடையே காதலைக் காண்பவர்களை நான் கேலி செய்வதாகக் கொள்ள வேண்டாம். எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட் ஆண்களுடனான உறவுக்காக 1895இல் சிறைக்கு அனுப்பப்பட்ட அதே இங்கிலாந்தில், ஓர் எழுத்தாளர் விரும்பியிருந்தாலும் இரு ஆண்களின் காதலை வெளிப்படையாக எழுதியிருக்க முடியாது. தம் வாழ்வுக்கு இணையான கதையை நூல்களில் காணாமல் வளர்ந்தவர்கள் மௌனங்களைத் தேடிப் படிப்பதில் நியாயம் உண்டு. கிரேக்கக் காவியமான 'இலியட்'டின் வீரர்கள் அக்கிலீஸும் பட்ரோக்ளஸும் காதலர்கள் என்று அதைப் பாடிய ஹோமர் எங்கும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆயினும் பிற்காலக் கிரேக்க நாடகாசிரியர் எஸ்கிலஸ் அவர்களைக் காதலர்களாகவே நாடகத்தில் படைத்தார், அவர்களுள் காதலித்தவர் யார், காதலிக்கப்பட்டவர் யார் என்று பிளேட்டோவின் 'விருந்து' உரையாடலில் ஒரு பாத்திரம் வாதிடவே செய்கிறது. வாசகர் தமக்கென ஒரு பொருளைக் கண்டெடுப்பது வேறு, அதை மறுப்பவர் கண்ணிருந்தும் குருடர் என்பது வேறு. பின்னதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

என் கோபமெல்லாம் இந்த ஐயத்தைச் சரக்காக்கி விற்கும் படைப்பாளிகள் மீதுதான். 1993இல் தொடங்கிய 'எக்ஸ் ஃபைல்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் அமானுஷ்ய வழக்குகளைத் துப்பறியும் மல்டரும் ஸ்கல்லியும் 1998ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் முத்தமிட நெருங்கும் கணத்தில், ஒரு தேனீ வந்து ஸ்கல்லியைக் கொட்டுகிறது! அதைத் தற்செயல் என்று எந்த ரசிகர் நம்புவார்? அவர்களுடைய உறவின் உண்மையான சுவை, அமானுஷ்யத்தை நம்பாத ஸ்கல்லியும் நம்பும் மல்டரும் ஒருவர் சொல்லை மற்றவர் மதித்து வழக்குக்கு வழக்கு மோதியதில் இருந்தது; முத்தம் வருமா வராதா என்ற காத்திருப்பு அதன் மேல் நிழலாகப் படிந்துவிட்டது.

இதற்கு நேர்மாறாக, 2012 முதல் 2019 வரை வந்த 'எலிமென்டரி' என்ற ஹோம்ஸ் தொலைக்காட்சித் தொடர் வாட்சனைப் பெண்ணாக்கியும், ஏழு பருவங்களிலும் அவரை ஹோம்ஸின் காதலியாக்கவில்லை. ஓர் ஆணும் பெண்ணும் ஒரே வீட்டில் தங்கி, ஒருவரையொருவர் உயிராய் மதித்து, காதலிக்காமலே இருப்பதைக் குறையாக எண்ணாமல் கடைசிவரை எழுதிக் காட்டிய அந்தத் துணிச்சல் எனக்கு எந்த முத்தக் காட்சியையும்விடப் பிடித்திருந்தது.