அப்பா கோலை கட் பண்ணின மகள்

எங்க வீட்டுக்காரர் கொழும்பில ஒரு கடையில வேலை. கடை சாத்தி, சாப்பிட்டு, எட்டரைக்குத்தான் வீடியோ கோல் எடுப்பார். போன கிழமை ஒரு நாள் அவர் எடுத்த நேரம் போன் மகள் கையில. கார்ட்டூனுக்கு மேல அப்பா படம் வந்து நின்னுச்சு. நாலு வயசு, வாசிக்கத் தெரியாது, ஆனா படத்துல யாருன்னு தெரியும். சிவப்புப் பட்டனை ஒரு தட்டு. திரும்பவும் வந்துச்சு, திரும்பவும் தட்டினா. கோபம்கூட இல்ல, முகத்துல உட்கார்ந்த ஈயை விரட்டுற மாதிரி. மூணாவதா என் போனுக்கு எடுத்து, "என்ன புள்ள, வீட்டுல ஏதும் கரச்சலா?"ன்னு கேட்டார். என்னத்தைச் சொல்ல? சிக்னல் இல்லைன்னு சொன்னேன். நம்ம மலைப்பக்கம் அந்தப் பொய்யை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.

பழைய டச் போனைப் பிள்ளைக்குன்னு ஒதுக்கினது நாங்கதான். காலையில ஆறரைக்கு ஹட்டன் பஸ் பிடிச்சேன்னா நான் திரும்ப அஞ்சரை ஆகும். அதுவரைக்கும் அவளைப் பார்த்துக்கிறது அப்பாயி, என் மாமியார். முப்பது வருசத்துக்கு மேல கொழுந்துக்கூடை சுமந்த முதுகு. ஓடுற பிள்ளைக்குப் பின்னால ஓட ஏலாது.

உலக சுகாதார நிறுவனம் 2019ல வெளியிட்ட வழிகாட்டலைப் பார்த்தேன். 3, 4 வயசுப் பிள்ளை உட்கார்ந்து திரை பார்க்கிறது நாளைக்கு 1 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. எல்லாரும் அந்த 1ஐ மட்டும் பிடிச்சுக்கிறாங்க. அதுலயே 180 நிமிசம் ஓடியாடணும், 10லிருந்து 13 மணித்தியாலம் தூங்கணும்னும் இருக்கு. நாங்க இருக்கிறது தேயிலைத் தோட்டத்து லயம், அதாவது வரிசை வீடு. எங்க காம்பரா, ஒரே அறை, 10க்கு 12 அடி. அதுக்குள்ள கட்டில், அலமாரி, டீவி, மூணு உசுரு. வாசல்ல இஸ்தோப்புன்னு ஒரு திண்ணை, இறங்கினா தண்ணி ஓடுற கான், கானுக்கு அங்கிட்டு தேயிலை. தேயிலைக்குள்ள அட்டை இருக்கும், குளவிக்கூடு இருக்கலாம். சிறுத்தை நாயைத் தூக்கிட்டுப் போன கதையும் எங்க லயத்துல உண்டு. அப்பாயி போனைக் கொடுத்து உட்கார வைக்கிறதை நான் சோம்பேறித்தனம்னு சொல்ல மாட்டேன். அது பயம். "போனைக் குறைங்க"ன்னு நமக்குப் புத்தி சொல்றவங்க பாதிப் பேர் வீட்டுல முற்றம் இருக்கு.

ஆனா அதுக்காக அப்படியே விடவும் மனசு வரல. போன மாசம் சேவல் ஒண்ணு மகளை விரட்டுச்சு. இஸ்தோப்புத் தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "யாராவது என்னைக் காப்பாற்றுங்கள்!"னு கார்ட்டூன் தமிழ்ல கத்துறா. லயமே சிரிச்சுச்சு, நானும் சிரிச்சேன். ராத்திரி படுத்த பிறகுதான் உறைச்சுச்சு. பயந்தா "அப்பாயி"ன்னுதானே வாயில வரணும்? இவ யாரைக் கூப்பிட்டா?

முன்னெல்லாம் டேட்டா முடிஞ்சா படமும் நின்னுரும். "ரீலோட் முடிஞ்சிருச்சு"ன்னா பிள்ளையும் நம்பும். இப்ப யூடியூப்புக்குன்னே அளவில்லாத பேக்கேஜ். ஒரு வீடியோ முடிஞ்ச கையோட அடுத்தது தானா ஓடுது. முடிவுன்னு ஒண்ணு இல்லாததை நடுவுல பிடுங்கினா எந்தப் பிள்ளையும் அழத்தான் செய்யும். அதனால முதல் வேலையா அந்தத் தானா ஓடுறதை நிறுத்தினேன். அப்புறம் யூடியூப் கிட்ஸ் போட்டேன். அதுல டைமர் இருக்கு, நேரம் முடிஞ்சா அதுவே பூட்டிக்கும். இப்ப திட்டு விழுறது எனக்கில்ல, போனுக்கு.

மூணு நாள் அழுதா. நாலாம் நாள் அப்பாயி பக்கத்துல சுளகைப் பிடிச்சுக்கிட்டு கல் பொறுக்க உட்கார்ந்துட்டா. கல்லை விட அரிசியைத்தான் அதிகம் எறிஞ்சாளாம்.

அப்பாயி சீரியலை மட்டும் நான் தொடல. அந்த வயசுல அவங்களுக்குன்னு இருக்கிறது அந்த அரை மணித்தியாலம்தான். மகளும் கூடத்தான் பார்ப்பா, ஒரே காம்பராவுல எங்க ஒளிச்சு வைக்க? அதையும் 1 மணித்தியாலக் கணக்குல சேர்த்துட்டேன். அப்பா கோலைச் சேர்க்கல. ஒன்றரை வயசுக்குக் கீழ திரையே வேணாம்னு சொல்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள்கூட வீடியோ கோலுக்கு விலக்குக் கொடுத்திருக்காங்க.

கஷ்டமானது என் போன்தான். செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடியே கையில எடுத்துருவேன். இப்ப ஆறு மணியிலிருந்து எட்டரை வரைக்கும் அது சாமித்தட்டுல, விபூதி டப்பாவுக்குப் பக்கத்துல. ரெண்டு நாள் தவறிட்டேன். மகள்தான் காட்டிக் கொடுத்தா.

நேத்து ஞாயிறு, முழு நாளும் மழை. காலை பத்து மணிக்கே டைமர் முடிஞ்சு பூட்டிருச்சு. அப்பாயி என் முகத்தைப் பார்த்தாங்க, மகளும் பார்த்தா. நானேதான் பூட்டைத் திறந்து விட்டேன். மே கடைசியில பெரிய மழை பிடிச்சா அப்புறம் வெயில் முகம் காணுறது அபூர்வம். லயத்துல சின்னப் பிள்ளை வச்சிருக்கிறவங்க மழை நாள்ல என்ன பண்றீங்க? எழுதுங்க. சுளகு மட்டும் சொல்லாதீங்க, அரிசி விக்கிற விலைக்கு எங்களுக்குத் தாங்காது.