ஒன்று சொல்லட்டுமா என்று கேட்டிருக்கலாம்

ஞாயிற்றுக்கிழமை இரவு அம்மாவைப் பற்றி நான் எழுதியதையும், அதன் கீழே நடந்ததையும் உங்களில் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். இனி முடியாது.

நான் ஆலோசனை கேட்கவில்லை. மறுபடியும் படித்துப் பாருங்கள். நான்கு இரவாகத் தூக்கமில்லை, உடம்பு ஓய்ந்துவிட்டது என்றுதான் எழுதியிருந்தேன். அதில் ஒரு கேள்விக்குறிகூட இல்லை.

ஆனால் வந்து குவிந்தவை என்ன? காலையில் நடக்க வையுங்கள். குறுக்கெழுத்துப் போடச் சொல்லுங்கள். மருத்துவரை மாற்றுங்கள். மாத்திரையை நிறுத்துங்கள். அம்மாவை ஒரு முறைகூடப் பார்க்காதவர் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்! எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஒரு வரி: "கொஞ்சம் அன்பாகப் பேசிப் பாருங்கள், சரியாகிவிடும்."

அம்மாவுக்கு இருப்பது அல்சைமர், நினைவை மெல்ல மெல்ல அழிக்கும் மூளை நோய். 1906-இல் அலாய்ஸ் அல்சைமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இந்த நோயை முதன்முதலாக எடுத்துச் சொன்னார். நூறாண்டு கடந்தும், போன நினைவைத் திருப்பித் தரும் மருந்து வரவில்லை. அன்புக் குறைவால் வந்த நோய் அல்ல இது.

அந்தி சாய்ந்தால் அம்மாவுக்குக் குழப்பம் கூடிவிடும். இரவு இரண்டு மணிக்குத் தன் துணிகளை ஒவ்வொன்றாக மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டு, வாசற்கதவின் தாழ்ப்பாளைத் தடவியபடி நிற்பாள். "அக்கா, வீட்டுக்குப் போகலாம் வா, அம்மா தேடுவாள்" என்பாள். நான் அவள் பெற்ற மகள். இதுதான் உன் வீடு என்று சொன்னால் அழுவாள். அதனால் அக்காவாகவே இருந்து, விடிந்ததும் போகலாம் என்று சொல்லிப் பையை வாங்கி வைப்பேன். அரை மணி நேரத்தில் மீண்டும் மடிக்கத் தொடங்குவாள். அன்பாகப் பேசுவது எப்படி என்று எனக்கா சொல்லித் தருகிறீர்கள்?

"பொதுவெளியில் எழுதினால் கருத்து வரத்தானே செய்யும்" என்கிறார்கள். ஒருத்தி வாசலில் உட்கார்ந்து அழுதால், தெருவில் போகிறவர்கள் எல்லாம் உள்ளே நுழைந்து பாத்திரங்களை இடம் மாற்றி வைக்கலாமா?

"அக்கறையில் சொன்னது" என்பது அடுத்தது. அக்கறை என்றால் முதலில் கேள்வியல்லவா வந்திருக்க வேண்டும்? எத்தனை நாளாக இப்படி, உடன் யார் இருக்கிறார்கள், நீ சாப்பிட்டாயா என்று அந்தப் பதிவின் கீழே ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இவ்வளவு கோபம் எதற்கு என்றும் ஒருவர் கேட்டிருந்தார். 1966-இலேயே ஜாக் பிரெம் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை விளக்கிவிட்டார். தான் முடிவெடுக்கும் உரிமையில் இன்னொருவர் கைவைப்பதாகத் தோன்றினால், மனிதர் மனம் முரண்டு பிடிக்கும்.

யாருமே எதுவும் சொல்லக்கூடாது என்று நான் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு பெண்மணி தனிச்செய்தி அனுப்பியிருந்தார். "என் அப்பாவை ஆறு வருடம் பார்த்துக்கொண்டேன். ஒன்று சொல்லட்டுமா, இல்லை நீங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கட்டுமா?" அதைப் படித்தவுடன் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இரவுதான் "சொல்லுங்கள்" என்று பதில் போட முடிந்தது. கதவில் ஒரு சிறு மணியைக் கட்டிவிடுங்கள், ஓசை கேட்டு எழுந்துகொள்ளலாம் என்றார். உடனே கட்டினேன். இத்தனை நாள் கதவருகிலேயே படுத்துக் கிடந்தவள், நேற்று என் கட்டிலில் படுத்தேன். மதுப் பழக்கத்திலிருந்து மீள வருவோருக்காக வில்லியம் மில்லர் 1983-இல் எழுதத் தொடங்கிய ஆலோசனை முறையிலும் இதே பழக்கம் உண்டு. அனுமதி கேட்டுவிட்டுத்தான் அறிவுரை சொல்ல வேண்டும். பயிற்சி பெற்றவர்களே கேட்கிறார்கள். உங்களுக்கு என்ன அவசரம்?

முன்பின் தெரியாதவர்கள் எழுதியதை மறந்துவிடுவேன். "அன்பாகப் பேசிப் பாருங்கள்" என்று எழுதியவர் தெரியாதவர் அல்ல. அம்மா இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. இந்த மூன்று வருடத்தில் வீட்டுப் படி ஏறவில்லை, தொலைபேசியிலும் அழைக்கவில்லை. வர வேண்டும் என்றுகூட நான் கேட்டதில்லை. வந்து ஓர் இரவு அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, அவள் மடிக்கும் துணியின் மறுமுனையைப் பிடித்துக் கொடுத்திருந்தால், அதன்பின் என்ன சொன்னாலும் கேட்டிருப்பேன்.

அந்த வரியை நான் நீக்கவில்லை. எழுதியவரே நீக்குவார் என்று மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்று காலையிலும் அது அங்கேதான் இருந்தது. அதற்கு முப்பது பேர் விருப்பம் தெரிவித்திருந்தார்கள்.