ஃபோர்மனை மட்டும் காட்டினால் போதுமா?

"45 வயதில் ஜோர்ஜ் ஃபோர்மன் பட்டம் வெல்லவில்லையா, வயது ஒரு தடையா?" என்று, வயதான பின்னும் குத்துச்சண்டைக்குத் திரும்பலாம் என எழுதிய கட்டுரையாளர் கேட்கிறார். வென்றார்தான். 1994 நவம்பரில் உலக ஹெவிவெயிட் பட்டத்துக்கான சண்டையில் மைக்கேல் மூரரை 10ஆவது சுற்றில் வீழ்த்தினார். ஆனால் அவர் 1987இலேயே திரும்பி வந்து, ஏழு வருடம் சண்டை மேல் சண்டையாகப் போட்டு உடம்பைப் பழக்கியவர். மூரருடனான சண்டையிலும் அந்த 10ஆவது சுற்று வரை புள்ளிகளில் பின்தங்கியும் இருந்தார்.

சரி, முகமது அலியை ஏன் விட்டீர்கள்? 1980 ஒக்டோபரில், 38 வயதில், ஓய்விலிருந்து வந்து லாரி ஹோம்ஸுடன் மோதினார். ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலியின் பயிற்சிக் கூட்டாளி. 10 சுற்று அடி வாங்கிய அலியை 11ஆவதுக்குப் பயிற்சியாளரே அனுப்பவில்லை. அதோடும் நிற்காமல் அடுத்த வருடம் பஹாமாஸில் ட்ரெவர் பெர்பிக் என்ற வீரரிடம் தோற்றார். 1984இல் அவருக்குப் பார்கின்சன் (நடுக்கு வாத) நோய் என்ற செய்தி வந்தது. அந்த ஹோம்ஸ் சண்டையை என்னால் இன்றும் முழுதாகப் பார்க்க முடியாது.

2024 நவம்பரில் முன்னாள் உலகச் சாம்பியன் மைக் டைசன், யூடியூப் பிரபலம் ஜேக் போலுடன் போட்ட சண்டையை இங்கே ஹட்டனில் எங்கள் தோட்டத்துப் பொடியன்கள் சனிக்கிழமை காலையில் போனில் பார்த்தார்கள். "காலே அசையல்லையே அண்ணே" என்றான் ஒருவன். 58 வயது டைசனுக்கு எப்படி அசையும்? கண்டிப் பக்கம் குத்துச்சண்டை பழகும் பிள்ளைகளும் இதை வாசிக்கிறார்கள். அலியின் கதையையும் எழுதுங்கள் ஐயா.